இருவகைக் கடன்: இந்திய உரைநடை இலக்கியத்தில் மனிதனும் வளர்ப்புயிரும்

முன்னுரை

மனிதனுக்கும் அவனை அண்டி வாழும் உயிர்களுக்கும் இடையிலான பிணைப்பு எல்லா மொழி இலக்கியங்களிலும் இடம்பெற்றுள்ள பாடுபொருளாகும். தமிழ் மரபில் மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகப் போற்றப்படுகிறான். அந்த மயில் அவன் வளர்த்ததன்று. அவனுடைய உடைமையும் அன்று. எனவே அவன் செயல் கொடை எனப்பட்டது. ஆனால் ஒருவன் தன் வீட்டில் கட்டி வளர்க்கும் உயிருக்குச் செய்வதைக் கொடை என்று கூற இயலாது; அது கடன் ஆகும்.

'கடன்' என்னும் தமிழ்ச்சொல் ஆற்றவேண்டிய கடமையையும் திருப்பித் தரவேண்டிய பொருளையும் ஒருசேரக் குறிப்பது. இருபதாம் நூற்றாண்டு இந்திய உரைநடை இலக்கியத்தில் வளர்ப்புயிர்களைப் பற்றி எழுந்த சிறந்த படைப்புகள் சிலவற்றில் இவ்விரு பொருளும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. தன்னை நம்பி வாழும் உயிருக்கு ஆற்றவேண்டிய கடன் ஒருபுறமும், நிலக்கிழாருக்கும் வட்டிக்காரருக்கும் செலுத்தவேண்டிய கடன் மறுபுறமும் நின்று மனிதனை நெருக்குகின்றன. அந்த நெருக்கடியில்தான் அன்பின் உண்மையான அளவு வெளிப்படுகிறது. இக்கருத்தை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நோக்கில் சரத்சந்திரரின் 'மகேஷ்' என்னும் வங்கச் சிறுகதை, பிரேம்சந்தின் 'பூஸ் கீ ராத்' (1930), 'தோ பைலோன் கீ கதா' (1931) என்னும் இந்திச் சிறுகதைகள், மகாதேவி வர்மாவின் 'மேரா பரிவார்' (1972) என்னும் இந்தி நினைவோவியத் தொகுப்பு, வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்தும்மாவின் ஆடு' (1959) என்னும் மலையாளக் குறுநாவல் ஆகியவை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மொழியாலும் வகைமையாலும் வேறுபட்ட இப்படைப்புகள், வளர்ப்புயிரை உவமையாக அன்றிக் கதைமாந்தருள் ஒருவராகவே அமைத்துள்ள தன்மையால் ஒன்றுபடுகின்றன.

1. வளர்ப்புயிரும் செல்லப்பிராணியும்

இன்றைய வழக்கில் 'செல்லப்பிராணி' என்னும் சொல் பயன் எதையும் கருதாது அன்புக்காக மட்டுமே வளர்க்கப்படும் உயிரைக் குறிக்கிறது. உழவு மாடும் கறவைப் பசுவும் காவல் நாயும் இவ்வரையறைக்குள் அடங்குவதில்லை. அவை பயன்பாட்டுக்குரியனவாகக் கருதப்படுகின்றன. நகர வாழ்க்கை சார்ந்த இப்பாகுபாட்டை இந்தியச் சிற்றூர்களைக் களமாகக் கொண்ட படைப்புகள் ஏற்பதில்லை. அங்கு உழைப்பும் அன்பும் ஒரே கயிற்றின் இரு புரிகளாக உள்ளன.

'மகேஷ்' கதையில் வரும் கஃபூர் ஏழை முஸ்லிம் குடியானவன். மகள் ஆமினாவும் மகேஷ் என்னும் முதிய காளையுமே அவனுடைய குடும்பம். அவன் அக்காளையைத் தன் மகன் என்றே அழைக்கிறான். அதே பேச்சில், எட்டாண்டுக் காலம் தன் உழைப்பால் தங்களைக் காத்து வளர்த்தது அக்காளையே என்றும் கூறுகிறான். மகனாகக் கருதப்படும் உயிர் தந்தையை வளர்த்திருக்கிறது. வளர்த்தவன் யார், வளர்க்கப்பட்டது எது என்னும் வரையறை இங்குத் தலைகீழாகிறது. காளை முதுமையுற்ற நிலையில் அதன் பசியைத் தீர்க்க வேண்டியது கஃபூரின் இரக்கத்தைப் பொறுத்ததன்று. பெற்ற உழைப்புக்கு அவன் செலுத்த வேண்டிய ஈடு அது. அவ்வீட்டைச் செலுத்த முடியாமையே அவனுடைய துயரம்.

பெயரிடுதலும் இங்குக் கருதத்தக்கது. முஸ்லிம் உழவன் ஒருவன் தன் காளைக்குச் சிவபெருமானின் பெயரை இட்டிருக்கிறான். கதையில் வரும் தர்க்கரத்தினர் என்னும் அந்தணர் அப்பெயரைக் கேட்டு எள்ளி நகைக்கிறார். காளையைப் பட்டினி போடுவது பாவம் என்று கஃபூரைக் கடிந்துகொள்ளும் அவர், அவன் கடனாகக் கேட்கும் வைக்கோலைத் தர மறுத்துவிடுகிறார். அவர் கையிலிருக்கும் அரிசியும் பழமும் கொண்ட மூட்டையை நாடிக் காளை முகத்தை நீட்டும்போது, அது முட்டவருவதாக அஞ்சி விலகுகிறார். அது உணவின் மணத்தை அறிந்து ஒரு பிடி உண்ண விரும்புகிறது என்பதைக் கஃபூர் மட்டுமே உணர்கிறான். காளையின் இனத்தைப் புனிதம் என்று போற்றுபவருக்கு அந்தக் காளையின் பசி தெரியவில்லை. பெயரிட்டு அழைத்தவனுக்குத் தெரிகிறது. இனத்தின்மீது காட்டும் பக்தியும் ஓர் உயிரின்மீது கொள்ளும் பற்றும் ஒன்றல்ல என்பதைச் சரத்சந்திரர் இவ்வொரு காட்சியில் நிறுவிவிடுகிறார்.

2. சட்டமும் கொண்டித் தொழுவமும்

உறவாகக் கருதப்படும் உயிர் சட்டத்தின் பார்வையில் உடைமைப் பொருளாகவே இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1871ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கால்நடை அத்துமீறல் சட்டத்தின்படி, பிறர் நிலத்தில் புகுந்து பயிரை அழிக்கும் மாட்டைப் பிடித்துக் கொண்டித் தொழுவத்தில் அடைக்கலாம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் 'பவுண்டு' என வழங்கியது இதுவே. உரியவர் தண்டத்தையும் தீவனச் செலவையும் செலுத்தி மாட்டை மீட்க வேண்டும். உரிமை கோரப்படாதவை ஏலத்தில் விற்கப்படும். ஆய்வுக்குரிய படைப்புகளுள் இரண்டில் இத்தொழுவம் முக்கியமான இடமாக அமைந்திருப்பது தற்செயலானதன்று.

'மகேஷ்' கதையில் பசி பொறுக்காமல் அயலாரின் தோட்டத்தில் நுழைந்த காளை தொழுவத்திற்கு அனுப்பப்படுகிறது. அதனை மீட்கக் கஃபூர் தன் வீட்டிலுள்ள பித்தளைத் தட்டை அடகு வைத்து ஒரு ரூபாய் பெறுகிறான். ஊரின் மேய்ச்சல் நிலத்தை நிலக்கிழார் பணத்துக்காகக் குத்தகைக்கு விட்டுவிட்ட செய்தியும் கதையில் சுட்டப்படுகிறது. மேயும் நிலம் பறிபோன பிறகு மாடு அடுத்தவர் வேலியைத் தாண்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அத்துமீறியது மாடா, மேய்ச்சல் நிலத்தைப் பறித்தவரா என்னும் வினா கதையில் வெளிப்படையாகக் கேட்கப்படவில்லை. எனினும் நிகழ்ச்சிகளின் வரிசை அவ்வினாவை எழுப்பிவிடுகிறது.

'தோ பைலோன் கீ கதா'வில் ஹீரா, மோதி என்னும் இரு காளைகள் தம் உரிமையாளனான ஜூரியின் வீட்டிலிருந்து அவனுடைய மனைவியின் உடன்பிறந்தானிடம் அனுப்பப்படுகின்றன. தாம் ஏன் அனுப்பப்படுகிறோம் என்பதை அறியாத அவை, உரிமையாளன் தம்மை விற்றுவிட்டான் என்று எண்ணி வருந்துகின்றன. உழைப்பில் தாம் குறை வைத்ததுண்டா என்று மனத்துள் கணக்குக் கேட்கின்றன. கடன் பற்றிய வினா இங்கு விலங்கின் பக்கத்திலிருந்து எழுகிறது என்பது குறிப்பிடத்தக்கது. கட்டறுத்துத் தப்பிவரும் அவை மீண்டும் அனுப்பப்படுகின்றன, மீண்டும் தப்புகின்றன, பட்டாணி வயலில் பிடிபட்டுத் தொழுவத்தில் அடைக்கப்படுகின்றன. எருமைகளும் குதிரைகளும் ஆடுகளும் கழுதைகளும் தீவனமின்றிக் கிடக்கும் அவ்விடத்தில் மோதி சுவரை இடித்து மற்றவற்றை வெளியேற்றுகிறது. ஆனால் தடித்த கயிற்றில் கட்டுண்ட ஹீராவை விட்டுச் செல்ல மனமின்றித் தானும் அங்கேயே தங்கிவிடுகிறது.

ஏலத்தில் விலைபோன காளைகள் பழகிய பாதையை அறிந்து தம் வீட்டிற்கே ஓடிவந்துவிடும்போது, ஏலம் எடுத்தவன் சட்டத்தைச் சுட்டி உரிமை கோருகிறான். தான் விற்றாலன்றி அவை விற்கப்பட்டவை ஆகா என்பது ஜூரியின் மறுமொழி. இவ்விடம் நுட்பமானது. அன்பைக் காக்க ஜூரி முன்வைக்கும் வாதமும் உடைமை பற்றிய வாதமே. உறவு என்பதற்காக ஓர் உயிரைக் காக்கச் சட்டத்தில் இடமில்லை. உடைமை என்ற பெயரிலேயே அதனைக் காக்க முடியும். மகிழ்ச்சியாக முடியும் இக்கதையின் அடியில் இம்முரண் தீர்க்கப்படாமலே நிற்கிறது.

3. இரு கடன்கள் மோதும் இடம்

பொருட்கடனும் உயிர்க்கடனும் நேருக்கு நேர் மோதும் படைப்புகளாக 'மகேஷ்', 'பூஸ் கீ ராத்' ஆகிய இரண்டையும் கொள்ளலாம்.

'பூஸ் கீ ராத்' கதையின் ஹல்கூ, கம்பளி வாங்குவதற்காகச் சேர்த்துவைத்த மூன்று ரூபாயைக் கடன்காரனுக்குக் கொடுத்துவிடுகிறான். கடுங்குளிர் இரவில் பயிருக்குக் காவலாக வயலில் தங்கும் அவனுக்குத் துணையாக இருப்பது ஜப்ரா என்னும் நாய். குளிர் தாங்காத நிலையில் அவன் நாயை அணைத்துக்கொண்டு படுக்கிறான். நாயின் உடலில் வீசும் நாற்றம் அவனுக்கு அருவருப்பைத் தரவில்லை. நெருங்கிய நண்பனையோ உடன்பிறந்தவனையோ தழுவும்போதுகூட அதனினும் மிகுந்த உவப்பை அவன் அடைந்திருக்கமாட்டான் என்னும் அளவுக்குப் பிரேம்சந்த் அவ்வணைப்பை விரித்துரைக்கிறார். கம்பளியின் இடத்தை நாயின் உடல்வெப்பம் நிரப்புகிறது. அன்பு இங்கு வறுமையின் விளைவாகவும் வறுமையை மீறிய ஒன்றாகவும் ஒரே நேரத்தில் அமைகிறது.

பின்னர் மாந்தோப்பில் சருகுகளைத் திரட்டித் தீ மூட்டிக் குளிர்காய்கிறான் ஹல்கூ. நீல்காய் மான்கள் கூட்டமாக வயலில் புகுந்து பயிரை அழிக்கின்றன. ஜப்ரா இடைவிடாது குரைக்கிறது. ஹல்கூ எழுந்து சில அடிகள் நடந்து, குளிர்காற்றுத் தாக்கியதும் திரும்பிவந்து தணலருகே படுத்துவிடுகிறான். விடிந்ததும் நாய் உயிரற்றதுபோல் மல்லாந்து கிடக்கிறது. பயிர் அழிந்ததற்காக அவன் மனைவி முன்னி வருந்துகிறாள். இனி இக்குளிரில் வயலில் படுக்கவேண்டியதில்லை என்று ஹல்கூ ஆறுதல் கொள்கிறான்.

இக்கதையை நாயின் நன்றியுணர்வைப் போற்றும் கதையாகக் கொள்வது பொருந்தாது. நாய் தன் கடனை ஆற்றியது. மனிதன் ஆற்றவில்லை என்னும் ஒப்பீட்டை ஆசிரியர் அறிவுரையாக மாற்றவில்லை. தன் விளைச்சல் எவருடைய கடனுக்குப் போகும் என்பதை ஹல்கூ அறிவான்; ஜப்ரா அறியாது. அறியாமையால் நாய் காவலில் நிலைத்து நிற்கிறது. அறிந்தமையால் மனிதன் அதனைக் கைவிடுகிறான். காவலின் பொருளை மனிதனிடமிருந்து பறித்தது கடன்சுமையே. அச்சுமை இரவு முழுதும் குரைத்த நாயை வயலில் தனியே நிற்கவிட்டது. பிணைப்பு முறியவில்லை, ஆயினும் அதனை ஓர் இரவுக்கேனும் பொருளற்றதாக்க வறுமையால் முடிந்தது.

'மகேஷ்' கதையில் இம்மோதல் மேலும் கடுமையானது. கஃபூர் தன் குடிசைக் கூரையின் வைக்கோலைப் பிடுங்கிக் காளைக்குத் தருகிறான். காய்ச்சல் என்று மகளிடம் கூறித் தன் பங்குச் சோற்றைக் காளைக்குக் கொடுக்கச் செய்கிறான். வறுமை முற்றிய நிலையில் இறைச்சி வணிகரிடம் முன்பணம் பெற்றுவிட்டுப் பின்னர் அதனைத் திருப்பி எறிகிறான். விற்க முனைந்தமைக்காக நிலக்கிழாரின் முன்னிலையில் தண்டனையும் பெறுகிறான். இவ்வளவும் செய்தவனே இறுதியில் அக்காளையைக் கொன்றுவிடுகிறான்.

கொலை நிகழும் சூழலைக் கருதவேண்டும். கோடையில் நீர்நிலைகள் வற்றிவிட்டன. முஸ்லிம் சிறுமியாகிய ஆமினா நீர்நிலையை நெருங்க இயலாது. எவரேனும் இரங்கி ஊற்றும்வரை தொலைவில் காத்து நிற்கவேண்டும். அவ்வாறு பெற்று வந்த நீர்க்குடத்தைத் தாகத்தால் தவித்த காளை தட்டிக் கொட்டிவிட்டுத் தரையில் சிந்திய நீரை உறிஞ்சுகிறது. நிலக்கிழாரிடம் அடிபட்டு வீடு திரும்பிய கஃபூர், மகளின் அலறலைக் கேட்டு ஓடிவந்து, கலப்பையின் தலைப்பகுதியால் காளையின் தலையில் ஓங்கி அடிக்கிறான். எட்டாண்டு உழைப்பின் கருவியே கொலைக்கருவி ஆகிறது. குற்றமற்ற மூவர் ஒரு குடம் நீருக்காக ஒருவரோடு ஒருவர் மோதவேண்டிய நிலையே இக்கதையின் கொடுமை.

அன்றிரவே கஃபூர் மகளை அழைத்துக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறிச் சணல் ஆலை வேலைக்குப் புறப்படுகிறான். பெண்களின் மானத்துக்கு அங்குப் பாதுகாப்பில்லை என்று கருதி அதுவரை அவன் ஆலைக்குச் செல்ல மறுத்து வந்தான். எஞ்சியிருந்த பித்தளைத் தட்டையும் குவளையையும் மகள் எடுத்துவர முயலும்போது, மகேஷின் மரணத்துக்கான கழுவாய்க்கு அவை ஆகட்டும் என்று விட்டுவரச் செய்கிறான். பின்னர் இறைவனிடம் அவன் இரு வேண்டுதல்களை முன்வைக்கிறான். தனக்கு எத்தண்டனையையும் அளிக்கலாம் என்பது ஒன்று. இறைவன் படைத்த புல்லையும் நீரையும் அக்காளைக்குத் தர மறுத்தவர்களை மன்னிக்கலாகாது என்பது மற்றொன்று. தன் குற்றத்தை அவன் மறைக்கவில்லை. பிறர் குற்றத்தை அதனால் குறைக்கவும் இல்லை. மதச்சடங்கு விதிக்கும் கழுவாய்க்குப் பாத்திரங்கள் போதும்; உயிர்க்கடனுக்கு அவை போதா என்பதை அவ்வேண்டுதல் உணர்த்துகிறது.

காளையைக் கொன்றவனின் அன்பு பொய்யா என்னும் வினா இங்கு எழுகிறது. அன்பு இருந்தால் உயிர் காக்கப்படும் என்னும் எளிய நம்பிக்கையை இக்கதை மறுக்கிறது. அதே நேரத்தில், காக்கத் தவறியதால் அன்பு பொய்யாகிவிடும் என்னும் தீர்ப்பையும் மறுக்கிறது. கடன் தீர்க்கப்படாமல் நிற்பதை அறிந்து அதனைச் சுமந்து நடப்பதே கஃபூரின் அன்புக்குச் சான்றாகிறது.

4. பொருட்கடன் இல்லாத வீடு

மகாதேவி வர்மாவின் 'மேரா பரிவார்' வேறொரு சூழலைக் காட்டுகிறது. அலகாபாத்தில் கல்விப் பணியாற்றிய கவிஞர் தம் வீட்டில் வளர்ந்த உயிர்களைப் பற்றி எழுதிய நினைவோவியங்கள் இவை. கில்லு என்னும் அணில், நீல்கண்ட் என்னும் மயில், சோனா என்னும் மான், கௌரா என்னும் பசு முதலியன அவ்வீட்டின் உறுப்பினர்கள். தொகுப்பின் தலைப்பே அவற்றைக் குடும்பம் என்கிறது. உயிர்க்கடனை முழுமையாக ஆற்றத் தடையாக நிற்கும் பொருட்கடன் இவ்வீட்டில் இல்லை.

காகங்களால் கொத்தப்பட்டுக் கிடந்த அணிற்குஞ்சுக்கு மருந்திட்டு உயிர் அளித்தல், சாளரத்தில் தொங்கவிட்ட கூடையில் அதற்கு இடம் அமைத்தல், அவர் விபத்துற்று மருத்துவமனையில் இருந்தபோது தனக்கு விருப்பமான முந்திரிப்பருப்பையும் அணில் உண்ணாதிருத்தல், இறுதி இரவில் அவருடைய விரலைப் பற்றியபடி உயிர்விடுதல், தான் விரும்பி ஒளிந்திருந்த கொடியின் கீழேயே அடக்கம் செய்யப்படுதல் எனக் கில்லுவின் வாழ்வு தொடக்கம் முதல் முடிவு வரை பேணலால் நிறைந்தது. கடன் முறையாகத் தீர்க்கப்பட்ட உறவின் சித்திரம் இது.

ஆனால் தொகுப்பு முழுவதும் இவ்வமைதி நீடிப்பதில்லை. மகாதேவி பத்ரிநாத் பயணம் சென்றிருந்த காலத்தில், வெளியே அலைந்த மானின் பாதுகாப்புக் கருதி அது நீண்ட கயிற்றில் கட்டப்படுகிறது. கயிற்றின் எல்லையை மறந்து துள்ளிய சோனா தரையில் விழுந்து இறக்கிறது. காப்பதற்கென இட்ட கட்டே கொன்றுவிடுகிறது. இனி மான் வளர்ப்பதில்லை என்று ஆசிரியர் உறுதி பூண்டிருந்தமைக்கு இந்நிகழ்ச்சியே காரணமாகிறது. வளர்ப்பு என்பதே ஓர் உயிரை அதன் இயல்பிலிருந்து பிரித்தல் என்னும் உணர்வு இங்கு வெளிப்படுகிறது. ஏழையின் வீட்டில் வறுமை செய்ததை வசதியுள்ள வீட்டில் பாதுகாப்பே செய்துவிடுகிறது.

'கௌரா' இன்னும் சிக்கலானது. வீட்டில் பசு வந்ததும் முன்பு பால் தந்துவந்த பால்காரரிடம் பால் வாங்குவது நின்றுபோகிறது. அவரையே கௌராவைக் கறக்க அமர்த்துகின்றனர். பின்னர் பசு நோயுற, வெல்லத்தில் வைத்து ஊசி ஊட்டப்பட்டிருப்பதை மருத்துவர்கள் கண்டறிகின்றனர். பால்காரர் மறைந்துவிடுகிறார். ஊசி இதயத்தை நெருங்க நெருங்க நாள்தோறும் சாவை நோக்கிச் செல்லும் பசுவையும், ஏதுமறியாது தாயைச் சுற்றித் துள்ளும் லால்மணி என்னும் கன்றையும் மகாதேவி காட்டும் பகுதி இந்தி உரைநடையின் உயர்ந்த பகுதிகளுள் ஒன்று. பசுவைப் போற்றும் நாட்டில் பசுவுக்கு நேரும் கதியை எண்ணும் வருத்தத்தோடு ஓவியம் நிறைவுறுகிறது.

இவ்விடத்தில் 'கௌரா'வையும் 'மகேஷை'யும் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது. இரண்டிலும் மாடு ஓர் எளியவனின் கையால் இறக்கிறது. கஃபூரின் கைக்குப் பின்னாலுள்ள பசியையும் அவமானத்தையும் சரத்சந்திரர் முழுமையாக எழுதுகிறார். பால்காரரின் கைக்குப் பின்னால் இருப்பது வருவாய் இழப்பு என்பதை மகாதேவி அறிந்து பதிவுசெய்கிறார். ஆனால் அதற்கப்பால் அவர் செல்லவில்லை. பால்காரர் பெயரின்றி, வீடின்றி, குற்றத்தோடு மட்டும் பிரதியிலிருந்து மறைகிறார். அவர் செய்த கொடுமை எவ்வகையிலும் நியாயப்படுத்தத்தக்கதன்று. எனினும், விலங்குகளையும் ஏழைகளையும் பற்றிப் பரிவோடு எழுதிய ஓர் ஆசிரியரின் படைப்பில், விலங்கின்மீது கொண்ட அன்பு மிகும் கணத்தில் மனிதன்மீது கொண்ட பார்வை சுருங்குவதைக் காணமுடிகிறது. வளர்ப்புயிர் இலக்கியம் எதிர்கொள்ளும் இடர் இதுவே. ஓர் உயிருக்கு நேர்ந்த தீங்கைக் கணக்கிடும்போது, அத்தீங்கு எவருடைய பிழைப்போடு பின்னிக் கிடக்கிறது என்பதையும் கணக்கிட்டாக வேண்டும்.

5. பாலும் பங்கும்

துயரத்தின் வழியன்றி நகைச்சுவையின் வழி இக்கணக்கைக் காட்டுபவர் வைக்கம் முகம்மது பஷீர். 1954இல் மனநோய்க்குச் சிகிச்சை பெற்ற காலத்தில் எழுதப்பட்டு, 1959இல் வெளிவந்த 'பாத்தும்மாவின் ஆடு' தலையோலப்பறம்பிலுள்ள அவருடைய கூட்டுக்குடும்பத்தைக் களமாகக் கொண்டது. பலர் நெருக்கியடித்து வாழும் அவ்வீட்டில் உடன்பிறந்தவளான பாத்தும்மாவின் ஆடு தன் விருப்பம்போல் நுழைந்து கிடைத்ததையெல்லாம் தின்கிறது. ஆசிரியரின் 'பால்யகாலசகி', 'சப்தங்கள்' ஆகிய நூல்களின் படிகளையும் தின்றுவிட்டுக் கம்பளியையும் தின்ன முற்படுகிறது. தம் நூல்களை ஆடு தின்பதைப் பார்த்திருக்கும் ஆசிரியர், நூலுக்கு வேறு படிகள் உண்டு, கம்பளிக்கு வேறு படி இல்லை என்னும் காரணத்தால் அப்போது மட்டுமே தடுக்க விரைகிறார்.

இந்நகைச்சுவைக்கு அடியில் ஒரு பொருளாதாரம் உள்ளது. ஆடு ஈன்றால் பாலை விற்றுத் தன் இன்னல் குறையும் என்று பாத்தும்மா நம்புகிறாள். ஆனால் அவளுடைய கணவன் அவள் உடன்பிறந்தவருக்குப் பணம் தரவேண்டியிருப்பதால், அந்நெருக்கடிக்கு ஈடாகப் பால் அவர்களுக்குச் செல்கிறது. வீட்டுப் பெண்கள் அவளறியாமல் ஆட்டைக் கறந்துகொள்வதும் உண்டு. பொருட்கடன் இங்கும் வளர்ப்புயிரின் மடியைத் தேடி வருகிறது. எனினும் எவரும் கொடியவராகக் காட்டப்படவில்லை. பசித்த குழந்தைகளும் பெண்களும் ஆட்டுக்குட்டிகளும் ஒரே மடியின் பங்காளிகள்.

பஷீரின் பங்களிப்பு இங்குத் தெளிவாகிறது. ஆடு பால் தருவது மட்டுமன்று, தானும் எடுத்துக்கொள்கிறது. அவ்வீட்டில் எல்லாரும் எல்லாருடையதையும் உண்பதுபோல் அதுவும் உண்கிறது. அதன் பசிக்கு எவரும் அருள் காட்டவில்லை. அது தன் பங்கைத் தானே எடுத்துக்கொண்டது. பிற்காலத்தில் அவர் எழுதிய ஒரு சிறுகதையின் தலைப்பு, எல்லா உயிர்களையும் பூமியின் வாரிசுகள் எனக் குறிப்பிடுகிறது. கடன் என்னும் கருத்து அங்கு உரிமை என்னும் கருத்தாக வளர்ச்சியடைகிறது. புல்லும் நீரும் இறைவன் அளித்தவை என்று கஃபூர் அழுது கூறியதைப் பஷீர் சிரித்துக்கொண்டே கூறுகிறார்.

6. உருவகமாகக் கொள்ளுதல்

இப்படைப்புகளைப் பற்றிய திறனாய்வில் விலங்கை மனிதனின் குறியீடாகக் கொள்ளும் போக்கு வலுவாக உள்ளது. மகேஷ் ஒடுக்கப்பட்ட உழவனின் குறியீடு என்றும், ஹீராவும் மோதியும் விடுதலைப் போராட்டத்தின் உருவகம் என்றும் விளக்கப்படுவதுண்டு. 1931ஆம் ஆண்டின் அரசியல் சூழலில் சுவரை இடிக்கும் காளை விடுதலை உணர்வை எழுப்பியிருக்கும் என்பதில் ஐயமில்லை. மகேஷின் நிலையும் கஃபூரின் நிலையும் ஒத்திருப்பதும் வெளிப்படை.

ஆயினும் இவ்விளக்கம் மட்டுமே போதுமானதாகாது. மகேஷ் உழவனின் குறியீடு மட்டுமே எனில், கஃபூர் அதனைக் கொன்றது தன்னைத்தானே அழித்துக்கொண்டதாக முடியும்; இறுதி வேண்டுதலில் அவன் தன்னைத் தனியாகவும் காளையைத் தனியாகவும் பிரித்துப் பேசவேண்டிய தேவை இராது. தன் குற்றத்துக்குத் தண்டனையை ஏற்கும் அவன், காளையின் தாகத்துக்குத் தனியே நீதி கேட்கிறான். அத்தாகம் காளையுடையது, மனிதனுடையதன்று. மோதி தன் துணையை விட்டுச் செல்லாதிருப்பதும் கொள்கையின் உருவகம் ஆவதற்குமுன், ஒரே நுகத்தில் பூட்டப்பட்ட இரு மாடுகளின் பழக்கமாக இருக்கிறது. உழவு மாடுகள் இணை பிரிந்தால் தீவனம் கொள்ளாது சோர்வதை உழவர் அறிவர். அவ்வுண்மையின்மீதே உருவகம் நிற்கிறது. விலங்கை விலங்காகக் காணாத வாசிப்பு, தன் உருவகத்தின் அடித்தளத்தையே இழந்துவிடுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் புலனாகின்றன. இந்தியச் சிற்றூர் வாழ்வைப் பாடுபொருளாகக் கொண்ட படைப்புகளில் செல்லப்பிராணி, பயன்தரு விலங்கு என்னும் பாகுபாடு நிலைபெறவில்லை. பெயரும் உறவுமுறையும் பெற்ற உயிர் எதுவாயினும் அதற்கு ஆற்றவேண்டிய கடன் பிறந்துவிடுகிறது. அக்கடனைப் பொருட்கடனும் உடைமைச் சட்டமும் எதிர்த்து நிற்கின்றன. ஹல்கூவிடம் பொருட்கடன் காவலின் பொருளை அழிக்கிறது. கஃபூரிடம் கொலைவரை கொண்டுசெல்கிறது. ஜூரியிடம் அன்பையும் உடைமையின் மொழியிலேயே பேசவைக்கிறது. பொருட்கடன் இல்லாத மகாதேவியின் வீட்டிலோ, கட்டப்பட்ட கயிறும் பிறருடைய பிழைப்பும் வேறு வடிவில் குறுக்கிடுகின்றன. பஷீர் மட்டுமே பங்கு என்னும் கருத்தின் வழியாக இம்மோதலை நகைப்போடு தணிக்கிறார்.

ஆகவே வளர்ப்புயிர்மீது கொண்ட அன்பை அளவிட இப்படைப்புகள் தரும் அளவுகோல் கண்ணீரோ கொஞ்சலோ அன்று. தன்னை நம்பிய உயிருக்குத் தான் பட்ட கடனை ஒருவன் எவ்வளவு நேர்மையாக எண்ணிப் பார்க்கிறான் என்பதே அந்த அளவுகோல். இதே நோக்கில் பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' (2016) போன்ற தமிழ்ப் புதினங்களையும் ஆராய்தல் பயன்தரும். அங்கும் ஒரு வெள்ளாட்டுக்குட்டி முதிய இணையரின் வறிய வீட்டுக்குள் வந்து சேர்கிறது. அரசு அதன் காதைத் துளைத்துக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. கஃபூர் எழுப்பிய வழக்கு இன்னும் முடிவுறவில்லை என்பதற்கு அதுவும் ஒரு சான்று.